ஒரே இரைச்சல் என்று நினைத்திருந்தோம்

உலோகத்தை உருக்கி வார்க்கும் எங்கள் பவுண்டரியின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் குடியிருக்கும் அம்மா ஒருவர் ஒரு நாள் காலையில் நேராக என் அறைக்கு வந்தார். “ஏனுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க வீட்டு அலமாரியில அடுக்கி வெச்ச டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருக்குதுங்க. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கலாம், இதை எப்படிங்க பொறுக்கறது?” என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தை விடக் களைப்பே மிகுந்திருந்தது. அன்று இரவே அவர் வீட்டுக்குப் போய் அந்த அலமாரியின் முன்னால் நின்று பார்த்தேன். எவர்சில்வர் டம்ளர்கள் உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. சுவரில் உள்ளங்கையை வைத்தபோது அந்த நடுக்கம் என் முழங்கை வரை ஏறியது.

கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் பவுண்டரிகளும் வீடுகளும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்பது புதிதன்று. பம்ப் செட்டுகளுக்கும் மோட்டார்களுக்கும் வேண்டிய வார்ப்படங்களைச் செய்கிற எங்கள் ஆலையில் நான் பராமரிப்புப் பொறியாளர். அந்த நடுக்கத்துக்குக் காரணம் எங்கள் ஷாட் பிளாஸ்டிங் இயந்திரம்தான் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஆலைக்குள் அதை விடச் சத்தம் போடும் பொருள் வேறு எதுவும் இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் எந்தப் பாகம் என்ற கேள்வியை அதுவரை நாங்கள் எவரும் கேட்டுக்கொண்டதே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிய மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே தொழிலில் இருக்கும் பிறருக்கும் பயன்படும் என்று நம்பி இங்கே எழுதி வைக்கிறேன்.

தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மணல் அச்சிலிருந்து வெளிவரும் வார்ப்படத்தின் மேல் மணலும் கருகிய படலமும் ஒட்டியிருக்கும். அதை அகற்ற, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள, ஷாட் எனப்படும் எஃகு உருண்டைகளை மிகுந்த வேகத்தில் அதன் மேல் எறிகிறோம். பெஞ்சமின் டில்மன் என்ற அமெரிக்கர் 1870 இல் காப்புரிமை பெற்ற முறையில் மணலைக் காற்றாலோ நீராவியாலோ ஊதினார்கள். பிற்காலத்தில் காற்றுக்குப் பதிலாகச் சுழலும் சக்கரமே எறியும் வேலையை ஏற்றுக்கொண்டது. எங்கள் இயந்திரத்தின் சக்கரத்தில் 8 பிளேடுகள் உள்ளன. அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுகள் சுழன்று, நிமிடத்துக்கு நூறு கிலோவுக்கும் மேற்பட்ட ஷாட்டை நொடிக்கு 70, 80 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. இத்தனையும் ஓர் இரும்பு அறைக்குள் நடக்கிறது என்பதால் இரைச்சல் இயல்பானதே என்று எல்லோரும் எளிதாக ஏற்றுக்கொண்டு விடுகிறோம்.

உண்மையில் அங்கே ஓர் இரைச்சல் மட்டும் இல்லை. சக்கரம் காற்றை வெட்டும் ரீங்காரம், அறையின் உட்சுவரைக் காக்கும் லைனர் தகடுகளில் ஷாட் மோதும் இரைப்பு, ஷாட்டை மீண்டும் மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டரின் கடகடப்பு, தூசியை உறிஞ்சும் விசிறியின் முழக்கம், அந்தத் தூசியை வடிகட்டும் பைகளை உதறும் காற்று வால்வின் வெடிப்பு, சுத்தமான வார்ப்படங்களைத் தொட்டியில் கொட்டும்போது எழும் இடி, கடைசியாக ஏர் பைப்பால் மணலை ஊதும்போது வரும் சீறல் என்று ஏழெட்டு ஒலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. காது அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. நாமும் பிரிக்காமல் விட்டால், எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் கடைசியில் தொழிலாளரின் காதில் பஞ்சை வைத்து முடித்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருந்தபோது மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டினோம். உதவியாளர் ஒருவர் பின்வீட்டு அலமாரியின் முன்னால் கைப்பேசியோடு நின்றார். சக்கரத்தை மட்டும் ஓட்டியபோது டம்ளர்கள் அசையவில்லை. எலிவேட்டரை ஓட்டியபோதும் அசையவில்லை. தூசி சேகரிப்பானின் விசிறியைத் தொடங்கி, அது முழு வேகத்தை எட்டியவுடன், “இப்ப ஆரம்பிச்சிருச்சுங்க” என்று குரல் வந்தது. ஆலைக்குள் நின்றால் அந்த விசிறியின் ஓசை மற்ற சத்தங்களுக்கிடையே காதுக்குத் தனியாகத் தெரியவே தெரியாது. அத்தனை நாளும் சக்கரத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

விசிறியின் உறையைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. விசிறி வடிகட்டும் பைகளுக்கு அப்பால், தூய காற்று வரவேண்டிய பக்கத்தில் இருக்கிறது. அதன் இறக்கைகளில் தூசி படியக் கூடாது. ஆனால் பைகளில் ஒன்று கிழிந்திருந்தது. அதன் வழியே தப்பி வந்த நுண்தூசி இறக்கைகளின் பின்புறத்தில் அப்பிக் காய்ந்து, ஒரு பக்கத்தில் பெயர்ந்து விழுந்து, மறுபக்கத்தில் கட்டியாக நின்றிருந்தது. இப்படி எடை ஏறுமாறான விசிறி நிமிடத்துக்கு 1,440 சுற்றுகள், அதாவது நொடிக்கு 24 முறை, தன் பீடத்தை இழுத்துத் தள்ளியது. அந்தப் பீடத்தை யாரோ எப்போதோ சுற்றுச்சுவரின் தூணோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்த வழியாகத்தான் அதிர்வு அடுத்த வீட்டு அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது.

பையை மாற்றினோம், இறக்கைகளைச் சுரண்டிக் கழுவினோம், விசிறியைச் சமன்செய்தோம், தூணோடு இருந்த பிணைப்பை அறுத்தெடுத்தோம். பிறகு அவசரப்பட்டு ஒரு தவறு செய்தோம். கடையில் கிடைத்த மெல்லிய, கெட்டியான ரப்பர் ஷீட்டை வெட்டிப் பீடத்தின் நான்கு கால்களுக்கும் அடியில் வைத்தோம். மறுநாள் விசிறி முன்னிலும் அதிகமாக ஆடியது.

ரப்பர் வைத்தால் அதிர்வு குறையும் என்ற நம்பிக்கை நம் தொழிலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாங்கியின் மேல் நிற்கும் எந்த இயந்திரத்துக்கும் தானாக ஆடிக்கொள்ளும் ஒரு வேகம் உண்டு. பாரத்தால் தாங்கி எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8 ஐ வகுத்தால், அந்த இயல்பு அதிர்வெண் நொடிக்கு எத்தனை என்பது கிடைக்கும். எங்கள் ரப்பர் அரை மில்லிமீட்டர்தான் அமுங்கியிருந்தது. கணக்குப் போட்டால் 22 க்குச் சற்று மேலே வருகிறது. விசிறியோ நொடிக்கு 24 முறை உந்துகிறது. தூளி திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் அது மேலும் மேலும் உயர்ந்து ஆடுவதைப் போல, நாங்கள் வைத்த ரப்பர் விசிறியின் ஒவ்வோர் உந்தலையும் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தாங்கியால் பயன் கிடைக்க வேண்டுமானால் இயந்திரத்தின் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணைப் போல் குறைந்தது 1.4 மடங்காவது இருக்க வேண்டும். மூன்று மடங்கு இருந்தால்தான் மனம் நிறையும். ஆகவே விசிறியையும் மோட்டாரையும் கனமான கான்கிரீட் பீடம் ஒன்றின் மேல் சேர்த்து நிறுத்தி, அதன் அடியில் 4 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் தாங்கிகளை வைத்தோம். இயல்பு அதிர்வெண் 8 க்குக் கீழே இறங்கியது. தரைக்குப் போகும் விசை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. குழாய் வழியே அதிர்வு தப்பிப் போகாமலிருக்க, விசிறிக்கும் டக்டுக்கும் இடையே கான்வாஸ் இணைப்பு ஒன்றையும் தைத்துப் போட்டோம். டம்ளர்கள் அடங்கின.

அதன் பிறகே சக்கரத்தின் பக்கம் திரும்பினோம். அங்கேயும் எங்களுடைய பழக்கம் ஒன்றே குற்றவாளியாக நின்றது. ஒரு பிளேடு உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு உற்பத்தியைத் தொடர்வது எங்கள் வழக்கம். மீதி ஏழும் தேய்ந்து எடை குறைந்திருக்கும். புதியது மட்டும் முழு எடையோடு இருக்கும். மையத்திலிருந்து 200 மில்லிமீட்டர் தொலைவில் 20 கிராம் வேறுபாடு இருந்தால், 2,900 சுற்று வேகத்தில் அது பேரிங்கின் மேல் ஏறத்தாழ 37 கிலோ எடைக்கு ஈடான விசையை நொடிக்கு 48 முறை சுழற்றிச் சுழற்றி இறக்குகிறது. இருபது கிராம் என்பது கைப்பிடி பொட்டுக்கடலையின் எடை. சுழலும் பொருள்களின் சமநிலைக்கு ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்துள்ள தரங்களில் விசிறி போன்றவற்றுக்குரிய ஜி 6.3 ஐ எடுத்துக்கொண்டால், 40 கிலோ சுழல்பாகத்துக்கு அந்தத் தொலைவில் 4 கிராம் அளவுக்கே இடம் உண்டு.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. மளிகைக் கடைகளில் இருப்பது போன்ற ஒரு மின்னணுத் தராசை வாங்கி, புதிதாக வரும் பிளேடுகளை நிறுத்து எடையை ஒவ்வொன்றின் மேலும் எழுதினோம். எடை ஒத்த இரண்டிரண்டாகச் சேர்த்து, இணையின் இரண்டும் சக்கரத்தில் நேரெதிரே வரும்படி பொருத்தினோம். ஒன்று உடைந்தாலும் எட்டையும் மாற்றுவது என்று விதி வகுத்துக்கொண்டோம். பிளேடு அமரும் பள்ளங்களில் நொறுங்கிய ஷாட் இறுகிக் கிடந்தால் பிளேடு சரியாக அமராது. அதைச் சுரண்டி எடுப்பதும் மாற்றும் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. பேரிங்குகள் நீண்ட நாள் தாங்குவதைக் கண்டபின் ஸ்டோர்ஸ்காரர் இந்த விதியை எதிர்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

எனக்கு மிகவும் வியப்பைத் தந்தது கன்ட்ரோல் கேஜ்தான். சக்கரத்தின் நடுவில் இருக்கும் அந்தச் சிறு உருளையின் திறப்பு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அதைப் பொறுத்தே ஷாட் அறைக்குள் எங்கே போய் விழும் என்பது அமைகிறது. திறப்பின் விளிம்பு தேய்ந்தாலோ உருளை சற்றுத் திரும்பினாலோ ஷாட்டின் தாரை வார்ப்படத்தை விட்டு விலகி, லைனர் தகடுகளின் மேல் விழத் தொடங்கும். சோதிப்பது எளிது. வார்ப்படம் நிற்க வேண்டிய இடத்தில் சாயம் பூசிய ஒரு தகட்டை நிறுத்தி, சில நொடிகள் மட்டும் ஷாட்டை விட்டு, சாயம் எங்கே உரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாங்கள் வைத்த தகட்டில் மேல் ஓரம் மட்டுமே வெளுத்திருந்தது. தாரையின் பெரும்பகுதி வெறும் சுவரை அடித்துக்கொண்டிருந்தது. லைனர்கள் ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882 இல் உருவாக்கிய மாங்கனீசு எஃகு வகையைச் சேர்ந்தவை. அடி விழ விழ இறுகும் தன்மையுடையவை. அந்தத் தகடு மோதலை உள்வாங்காமல் வெண்கலத் தட்டைப் போல ஒலித்துத் திருப்பிக் கொடுக்கும். கேஜை மாற்றித் திசையைச் சரிசெய்த அன்று இரைச்சலின் கூர்மை மழுங்கியது, ஒரு சுமைக்கு ஆகும் நேரம் குறைந்தது, லைனரும் நெடுநாள் நின்றது. சத்தத்தைக் குறைக்கும் வேலையையும் இயந்திரத்தை ஒழுங்காக வைத்திருக்கும் வேலையையும் இரண்டு வேலைகளாக எண்ணியிருந்த என் எண்ணம் அன்றே மாறியது. அறை காலியாக இருக்கும்போது ஷாட்டை விடக் கூடாது என்ற விதியும் அதே வாரத்தில் சுவரில் ஏறியது.

அறையின் வெளித்தகடுகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நேரடி அடி விழாத உட்புறங்களில் தேய்மானம் தாங்கும் ரப்பரை ஒட்டினோம். வெளியே அதிரும் அகன்ற தகடுகளில் பிசின் போன்ற தணிப்புப் படலத்தைப் பூசி, அதன் மேல் மெல்லிய தகடு ஒன்றை மூடினோம். பொள்ளலான தாங்குசட்டங்களுக்குள் உலர்ந்த மணலை நிரப்பினோம். பவுண்டரியில் பஞ்சமில்லாத பொருள் மணல் ஒன்றுதான், அதுவே அதிர்வை விழுங்குவதில் கெட்டிக்காரப் பொருள்.

கதவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எவ்வளவு கனமான சுவரை எழுப்பினாலும் அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், 20 டெசிபலுக்கு மேல் தணிப்புக் கிடைக்காது. இரண்டு மீட்டர் உயரமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள கதவில் ஒரு பக்கத்து விளிம்பு முழுவதும் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் அதுவே அந்த நூற்றில் ஒரு பங்கு. எங்கள் கதவின் சீல் கிழிந்து அதை விட அகலமான சந்து தெரிந்தது. அதன் வழியே ஷாட்டும் தெறித்து வந்து தரையில் உருண்டு கிடந்தது. ஷாட் வெளியே வரும் சந்து வழியாக ஒலியும் வருகிறது என்பதை அதுவரை நான் யோசிக்கவில்லை. இப்போது கதவின் விளிம்பில் இரண்டு அடுக்கு ரப்பர் இருக்கிறது, வார்ப்படம் நுழையும் வாயில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ரப்பர் திரைகள் தொங்குகின்றன. தரையில் ஷாட் கிடந்தால் சீலைப் பார்க்க வேண்டும் என்பது பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

இத்தனையும் செய்த பிறகு முதலாளி இயந்திரத்தின் அருகே வந்து நின்று, தமக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. டெசிபல் கணக்கு அப்படிப்பட்டது. 100 டெசிபல் தரும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்தால் 200 ஆவதில்லை, 103 ஆகிறது. அவற்றுள் ஒன்றை முழுவதுமாக நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் இறங்கும். காதுக்கு அது பட்டும் படாமலும்தான் தெரியும். மூன்று ஒலிகளில் இரண்டை அடக்கியிருந்தாலும் மூன்றாவது குறையாமல் இருக்கும்வரை பெரிதாக எதுவும் மாறாதது போலத்தான் தோன்றும். பல ஆலைகளில் இந்தக் கட்டத்தில்தான் முயற்சியைக் கைவிட்டு விடுகிறார்கள். எங்கள் முதலாளியிடம் எண்களை எழுதிக் காட்டி, மீதமிருக்கும் இரண்டு மூலங்களையும் கவனிக்க ஒரு மாதம் கேட்டேன். அவர் கொடுத்தார், அதற்கு நான் நன்றியுடையவன்.

அவற்றில் ஒன்று வார்ப்படத்தைக் கொட்டும் தொட்டி. தலை உயரத்திலிருந்து வெறும் இரும்புத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. விழும் உயரத்தைப் பாதியாக்கினால் மோதும் ஆற்றலும் பாதியாகும் என்பதால் தொட்டியை உயர்த்தி வைத்தோம். பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி உள்ளே அடித்தோம். மற்றொன்று ஏர் பைப். முனையில்லாத வெறுங்குழாயில் கம்ப்ரசரின் முழு அழுத்தத்தோடு ஊதினார்கள். தாரையாகப் பாயும் காற்றின் ஒலியாற்றல் அதன் வேகத்தின் எட்டாம் படிக்கு ஏற்ப உயர்கிறது என்று ஜேம்ஸ் லைட்ஹில் 1952 இல் வகுத்தார். அந்த விதிப்படி வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே ஏறத்தாழ 8 டெசிபல் இறங்கிவிடும். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றும், பல சிறு துளைகள் உள்ள முனை ஒன்றும் வாங்கினோம். செய்த அத்தனை வேலைகளிலும் செலவு குறைந்தது இதுதான்; இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இனி இந்த இயந்திரத்தைப் பல ஆண்டுகள் ஓட்டிய மூத்த தொழிலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அவரை அண்ணன் என்றே அழைப்போம். பேசினால் பதில் சொல்வார், ஆனால் பல வேளைகளில் வேறு எதற்கோ பதில் சொல்வார். “சத்தம் கேக்குதுங்க சார், என்ன சொல்றீங்கன்னுதான் பிடிபடல” என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். பரிசோதனையில் அவருடைய காதுகள் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஆழமாகச் சரிந்திருந்தன. இரைச்சலால் வரும் செவிக் கேட்டின் அடையாளம் அதுவே. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் நிற்பதால் அவை கேட்கும்; க, ச, த, ப போன்ற வல்லொலிகளின் கூர்மை முதலில் மங்கிப் போகும். கடை, சடை, தடை, படை என்ற நான்கும் அவருக்கு ஏறத்தாழ ஒரே சொல்லாகவே வந்து சேர்கின்றன. உட்செவியின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை.

நம் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரமும், 95 இல் 4 மணி நேரமும், 100 இல் 2 மணி நேரமும் இருக்க இடம் தருகின்றன. அமெரிக்காவின் நயோஷ் என்ற தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவுப்படி 85 இல் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைவதால் 100 இல் 15 நிமிடம் மட்டுமே. இரண்டு மணி நேரத்துக்கும் பதினைந்து நிமிடத்துக்கும் இடையே இருக்கும் இந்த வேறுபாட்டில்தான் அண்ணனைப் போன்றவர்களின் காதுகள் கழிந்து போயின என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரைச்சலால் வரும் செவிக்கேடு 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே இடம்பெற்றிருந்தது. காய்ச்சலைப் போல ஒரு நாளில் வராததால் அதை எவரும் நோயாகக் கருதுவதில்லை.

காதுக்கவசம் கொடுத்தோமே என்று சொல்லலாம், கொடுத்தோம். உலையின் வெக்கையில், வியர்வை வழியும் காதோடு, எட்டு மணி நேரமும் அதை இறுக்கி மாட்டிக்கொண்டு நிற்க முடியுமா என்று அதை வாங்கிக் கொடுத்தவர்கள் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். எத்தனை உயர்ந்த கவசமானாலும் பணிநேரத்தில் பாதியைக் கவசமின்றிக் கழித்தால் கிடைக்கும் பாதுகாப்பு 3 டெசிபல் அளவிலேயே நின்றுவிடும், ஏனென்றால் திறந்த காதோடு கழிந்த அந்தப் பாதி நேரமே பாதிக் கேட்டைச் செய்துவிடுகிறது; டெசிபல் கணக்கில் பாதி என்பது 3 தான். இப்போதும் கவசம் அணிகிறார்கள், அணியத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கவசம் சுமக்க வேண்டிய பாரத்தை இயந்திரத்திலேயே குறைத்துவிட்ட பிறகு அணிகிறார்கள். இயந்திரத்தைத் தொடங்கும் பொத்தானையும் கதவிலிருந்து விலக்கி, செங்கல் தடுப்பு ஒன்றின் பின்னால் மாற்றிவிட்டோம். ஓட்டுபவர் அறையின் வாயிலில் நின்று கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை.

எங்கள் ஆலை மௌனமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சிறு வார்ப்படங்களைப் புரட்டும் டம்பிளாஸ்ட் இயந்திரம் இன்னும் எஃகுப் பட்டைகளோடுதான் ஓடுகிறது. வார்ப்படங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து எழுப்பும் ஒலிக்கு ரப்பர் பெல்ட் உள்ள வகைக்கு மாறுவதே வழி, அதற்கான பணம் அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று 2000 ஆம் ஆண்டின் இரைச்சல் மாசு விதிகள் குறிப்பிடும் எல்லையைப் பின்வீட்டு வாசலில் எங்களால் இன்னும் எட்ட முடியவில்லை என்பதால், இரவு பத்து மணிக்கு மேல் பிளாஸ்டிங் இல்லை என்று முடிவெடுத்து வேலையைப் பகல் ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறோம்.

அண்ணன் இப்போது இயந்திரத்தை ஓட்டுவதில்லை; ஷாட் சல்லடைப் பகுதியில், சற்று அமைதியான இடத்தில் இருக்கிறார். ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் இளைஞர் ஒருவர் அவர் இடத்தில் நிற்கிறார். சனிக்கிழமைகளில் விசிறி, சக்கரம், எலிவேட்டர் மூன்றின் பேரிங்குகளிலும் அதிர்வு மீட்டரை வைத்து எண்ணைப் பதிவேட்டில் எழுதும்போது அண்ணனும் வந்து நிற்பார். மீட்டர் எண்ணைக் காட்டும் முன்பே அவர் உள்ளங்கையை உறையின் மேல் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அந்த இளைஞரைப் பார்த்துத் தலையசைப்பார். சென்ற வாரம் எலிவேட்டரின் மேல் பேரிங்கில் கையை வைத்தவர் தலையசைக்கவில்லை. கழற்றிப் பார்த்தோம், உள்வளையத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பெயர்வு இருந்தது. திங்கட்கிழமை மாற்றுகிறோம்.